ஜியோக்னொசி எண்டா என்ன? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, எங்கட அப்பப்பா விட்டிட்டுப் போன பழைய இங்கிலீஷ் கனிமப் புத்தகம் ஒண்டு கிடக்கு. அதில "ஜியோக்னொசி" எண்டு ஒரு சொல்லு திரும்பத் திரும்ப வருது. போன்ல தேடினா "ஜியாலஜியிண்ட பழைய பேர்" எண்டு ஒரு வரிதான். ரெண்டும் ஒண்டா? ஒண்டெண்டா ஏன் பேரை மாத்தினவை? (ஒரு வாசகி, உப்புவெளி)

ஒண்டில்ல தங்கச்சி. அந்த ஒரு வரி கதையிண்ட முக்கியமான பாதியை விட்டிட்டுது, அதால இதை கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன்.

முதல்ல சொல்லைப் பாப்பம். கிரேக்கத்தில கே எண்டா பூமி, க்னோசிஸ் எண்டா அறிவு, அதுவும் நேர கண்டு பழகி வாற அறிவு. இந்த க்னோசிஸும் நாங்க வடமொழியில இருந்து எடுத்துப் பாவிக்கிற "ஞானம்" எண்ட சொல்லும் ஒரே வேரில முளைச்சது எண்டு மொழி ஆராய்ச்சிக்காரர் சொல்லுவினம், அப்ப ஜியோக்னொசியை "பூமி ஞானம்" எண்டு சொன்னா கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் சரி. ஜியாலஜியில பின்பாதி லோகோஸ், பேச்சு, விளக்கம், தர்க்கம் எல்லாம் அதுக்குள்ள வரும். பாக்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனா 1770களில இருந்து ஒரு அம்பது வருஷம் ஐரோப்பாவில பாறை படிச்ச ஆக்கள் இந்த வித்தியாசத்தில நிண்டுதான் சண்டை பிடிச்சவை.

ஜெர்மனியில சாக்சனி எண்ட பகுதியில ஃப்ரைபெர்க் எண்டு ஒரு ஊர். 12ம் நூற்றாண்டில அங்க வெள்ளி கண்டுபிடிச்சு, அதுக்குப் பிறகு ஊர் முழுக்கச் சுரங்கம். 1765ல அங்க சுரங்கத் தொழில் படிப்பிக்கிறதுக்கு எண்டே ஒரு அகடமி துவங்கினவை. 1775ல ஆபிரகாம் கொட்லொப் வேர்னர் எண்ட இளம் வாத்தியார் அங்க வந்து சேர்ந்தார், 1817ல சாகும் வரைக்கும் அங்கதான் படிப்பிச்சார். அவர்ட தகப்பன் இரும்பு வேலைத்தலத்தில பொறுப்பா இருந்தவர், அதால சின்ன வயசிலயே கல்லோட பழகின மனுசன். பெரிசா புத்தகம் எழுதேல்ல, ஆனா வகுப்பில கதைச்சா பெடியள் அப்பிடியே இருந்து கேப்பினமாம். பல நாடுகளில இருந்து ஆக்கள் அவரைத் தேடி வந்து படிச்சவை. அலெக்சாண்டர் வொன் ஹும்போல்ட், லெயோபோல்ட் வொன் பூக், எடின்பரோவில பிறகு பேராசிரியரா இருந்த றொபர்ட் ஜேம்சன், கனிமத்திண்ட கடினத்தை 1 தொடக்கம் 10 வரைக்கும் வரிசைப்படுத்தின மோஸ், எல்லாரும் அவர்ட மாணவர்தான்.

ஜியோக்னொசி எண்ட சொல்லை உருவாக்கினது வேர்னர் இல்ல, அவருக்கு முதலே பியுக்செல் எண்ட ஜெர்மன் வைத்தியர் ஒருத்தர் அதைப் பாவிச்சிருக்கிறார், ஆனா அதை ஒரு பாடமா ஆக்கி உலகம் முழுக்கப் பரப்பினது வேர்னர்தான். அவர் படிப்பை ரெண்டாப் பிரிச்சார். தோண்டி எடுக்கிற கனிமங்களை ஒவ்வொண்டா அடையாளம் காணுறதுக்கு ஓரிக்டோக்னொசி எண்டு பேர். அந்தக் கனிமங்கள் சேர்ந்த பாறைகள் நிலத்துக்குள்ள எந்த ஒழுங்கில, எதுக்கு மேல எது, எந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்கு எண்டு படிக்கிறது ஜியோக்னொசி.

அப்ப ஜியாலஜி? அந்தச் சொல்லு அந்த நேரம் இப்ப மாதிரி மரியாதையான சொல்லா இருக்கேல்ல. 14ம் நூற்றாண்டில றிச்சட் டி பரி எண்ட இங்கிலாந்து பிஷப் "ஜியோலோஜியா" எண்டு எழுதினது சட்டப் படிப்பைக் குறிக்க, கடவுளைப் பற்றிய படிப்புக்கு எதிரா மண்ணுலகத்துப் படிப்பு எண்ட கருத்தில. பாறைப் படிப்பு எண்ட கருத்தில அது பழக்கத்துக்கு வந்தது ஜெனீவா ஆராய்ச்சிக்காரர் ரெண்டு பேர், 1778ல டி லூக்கும் 1779ல டி சொசூரும், எழுதினதுக்குப் பிறகுதான். அந்தக் காலத்தில வீட்டுக்குள்ள கதிரையில இருந்துகொண்டு உலகம் எப்பிடி உண்டானது எண்டு பெரிய பெரிய கதை எழுதின ஆக்கள் கனபேர், வேர்னருக்கு அது சுத்தமாப் பிடிக்காது. முதல் மலைக்குப் போ, கல்லைப் பார், அடுக்கைக் குறி, அதுக்குப் பிறகு கதை சொல்லு எண்டுறதுதான் ஜியோக்னொசி எண்ட பேருக்குப் பின்னால இருந்த பிடிவாதம். எனக்கு அந்தப் பிடிவாதத்தில சரியான மதிப்பு இருக்கு. இண்டைக்கும் எங்கட பிள்ளைகள் தீப்பாறை, அடையல் பாறை, உருமாறிய பாறை எண்டு மூண்டு வரைவிலக்கணத்தையும் பாடமாக்கி மாக்ஸ் எடுக்குதுகள், ஆனா வீட்டு மதிலில இருக்கிற கல்லு மூண்டில எது எண்டு கேட்டா முழிக்குதுகள், அது பிள்ளைகளிண்ட பிழை இல்ல, கல்லைக் கையில குடுக்காமப் படிப்பிக்கிற எங்கட பிழை.

பேர் மாறினதுக்குக் காரணம் அடுத்த கேள்வியில வருது. ஒண்டு மட்டும் இங்க சொல்லிப்போடுறன். ஜெர்மனியில அந்தச் சொல்லு லேசில சாகேல்ல, 19ம் நூற்றாண்டு கடைசியிலயும் அரசாங்கப் பாறை வரைபடங்களை "ஜியோக்னொஸ்டிக்" எண்டுதான் அச்சடிச்சவை. ஹும்போல்ட் 1823ல ரெண்டு அரைக்கோளத்துப் பாறை அடுக்குகளைப் பற்றி எழுதின புத்தகத்திண்ட தலைப்பிலயும் அந்தச் சொல்லு இருக்கு. அதால அப்பப்பாட புத்தகத்தில கிடக்கிறது அதிசயமில்ல. கவனமா வச்சிருங்க, கரையான் படாத இடத்தில.

கேள்வி: வேர்னர் எல்லாப் பாறையும் கடலில இருந்து வந்தது எண்டு சொல்லிப் பிழைச்சுப் போனவர் எண்டு கம்பஸில படிச்ச ஞாபகம். அப்ப அவர்ட ஜியோக்னொசியை ஏன் இன்னும் தூக்கிப் பிடிக்கோணும்? (ஒரு ஆசிரியர், தம்பலகாமம்)

சேர், நல்ல கேள்வி, நீங்க சொல்லுறது சரிதான். கதை சொல்லாத எண்டு மற்றாக்களுக்குச் சொன்ன வேர்னர் தானும் ஒரு கதை வச்சிருந்தார். ஒரு காலத்தில பூமி முழுக்க ஒரே கடல், அதில கரைஞ்சிருந்தது எல்லாம் படிஞ்சு படிஞ்சு பாறையாச்சு, முதல்ல கருங்கல்லும் நைஸ் எண்ட வரிவரியான கல்லும், அதுக்கு மேல இடைநிலைப் பாறை, அதுக்கு மேல அடுக்குப் பாறை, கடைசியா மணலும் கிரவலும். எரிமலையை அவர் பெரிசா எடுக்கேல்ல, நிலத்துக்குள்ள நிலக்கரி பத்தி எரியிறதால வாற சின்ன விசயம் எண்டார். பசால்ட் எண்ட கறுப்புக் கல்லும் தண்ணியில படிஞ்சதுதான் எண்டு கடைசி வரைக்கும் விடேல்ல. இந்தக் கட்சிக்குக் கடல் தெய்வத்திண்ட பேரில நெப்டியூனிஸ்ட் எண்டு பேர்.

மற்றப் பக்கம் ஸ்கொட்லாந்தில, பூமிக்குள்ள இருக்கிற சூட்டாலதான் பாறை உண்டாகுது எண்ட ஜேம்ஸ் ஹட்டன். 1785ல கிளென் டில்ட் எண்ட ஆத்துப் பள்ளத்தாக்கில கருங்கல்லு உருகின நிலையில மற்றப் பாறைக்குள்ள நரம்பு நரம்பாப் பாய்ஞ்சு கிடக்கிறதைக் கண்டார். கருங்கல்லு முதல் படிஞ்ச பாறை எண்டா அது எப்பிடி மற்றப் பாறைக்குள்ள புகுந்து கிடக்கும்? அவர்ட கட்டுரை 1788ல அச்சில வந்தது. அவற்ற கூட்டாளி ஜேம்ஸ் ஹோல் பசால்டை உருக்கி மெதுவா ஆறவிட்டுப் பாத்தார், அது கண்ணாடியாகாமத் திரும்பக் கல்லு மாதிரியே இறுகிச்சுது. பிரான்சில டெமாரெ எண்டவர் இதுகளுக்கெல்லாம் முதலே ஓவேர்ன் பகுதியில பசால்ட் தூண்களைப் பாத்து, இது பழைய எரிமலைக் குழம்பு எண்டு சொல்லிப்போட்டார்.

இதில எனக்குப் பெரிசாப் படுறது என்னெண்டா, வேர்னரைக் கவிழ்த்ததில பெரிய பங்கு அவர்ட சொந்த மாணவருக்குத்தான். வொன் பூக் ஓவேர்னுக்குப் போய் எரிமலைகளைப் பாத்தார், ஹும்போல்ட் 1799 தொடக்கம் 1804 வரைக்கும் தென் அமெரிக்காவில சுத்தி அந்தீஸ் எரிமலைகளில ஏறினார், ரெண்டு பேரும் வாத்தியார் சொல்லித்தந்தபடியே கல்லைப் பாத்தவை, பாத்த கல்லு வாத்தியார்ட கதைக்கு எதிராச் சாட்சி சொல்லிச்சுது, அதை மறைக்காமச் சொன்னவை. வேர்னர்ட கதை விழுந்தது, வேர்னர்ட முறை நிண்டது. அதாலதான் தூக்கிப் பிடிக்கிறன் சேர்.

முறையை விட்டிட்டுக் கதையை மட்டும் பிடிச்சா என்ன நடக்கும் எண்டதுக்கும் ஒரு சாட்சி இருக்கு. சார்ல்ஸ் டார்வின் 1826, 27ல எடின்பரோவில ஜேம்சனிட்டப் பாடம் கேட்டவர். சுத்திவர எரிமலைப் பாறையா இருக்கிற இடத்தில நிண்டுகொண்டு, உருகி வந்து புகுந்த ஒரு பாறைச் சுவரைக் காட்டி, இது மேல இருந்து மண்ணு விழுந்து நிரம்பின வெடிப்பு எண்டு பேராசிரியர் ஒருத்தர் படிப்பிச்சதைத் தான் கேட்டதா டார்வின் பிறகு தன்ட சுயசரிதையில எழுதியிருக்கிறார். அந்த வகுப்புகளால தனக்கு வந்த ஒரே பலன், வாழ்நாளில ஜியாலஜிப் புத்தகமே தொடக்கூடாது எண்ட முடிவுதான் எண்டும் எழுதினார். நல்லகாலம், அந்த முடிவில அவர் நிக்கேல்ல. பீகிள் கப்பலில, சார்ல்ஸ் லையல் எண்டவர் எழுதின ஜியாலஜிப் புத்தகத்தோட போய் முதல் தரமான பாறை ஆராய்ச்சிக்காரராத்தான் திரும்பி வந்தவர்.

இந்தச் சண்டை முடியேக்க ஜியாலஜி எண்ட சொல்லு வெண்டிட்டுது. லண்டனில 1807ல துவங்கின சங்கம் அந்தப் பேரைத்தான் வச்சது. பாறைக்கு வயசு இருக்கு, வரலாறு இருக்கு எண்டு ஆக்கள் ஒத்துக்கொண்ட பிறகு, கிடக்கிறதை மட்டும் சொல்லுற பேர் போதாமப் போச்சு. இதில எங்களுக்கு ஒரு சந்தோசம் இருக்கு. இலங்கையில நாங்க ஜியாலஜிக்கு புவிச்சரிதவியல் எண்டு சொல்லுறம், அதுக்குள்ள சரிதமே கிடக்கு, ஹட்டன் கேட்டா கட்டிப்பிடிச்சிருப்பார். தமிழ்நாட்டில நிலவியல் எண்டுவினம், அது பழைய ஜியோக்னொசிக்குக் கிட்ட நிக்குது. பள்ளிக்கூடப் பாடத்தில புவியியல் எண்டா ரெண்டு இடத்திலயும் ஜியோகிரபிதான், பிள்ளைகள் மாறிப்போடாமப் பாத்துக்கொள்ளுங்க சேர்.

இன்னொண்டு. எங்கட திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சுத்தி நிக்கிற மேடுகளில குவாட்சைட்டு எண்ட வெள்ளைச் சாயல் கல்லு கனக்க இருக்கு. அது ஒரு காலத்தில தண்ணியில படிஞ்ச மணல். பிறகு நிலத்துக்குள்ள ஆழத்தில புதைஞ்சு, ஏறத்தாழ 60 கோடி, 55 கோடி வருஷத்துக்கு முந்தி இலங்கையிண்ட நடுப்பகுதிப் பாறையெல்லாம் வெந்து அமுங்கின நேரம் அதுவும் வெந்து இறுகினது. வேர்னர் வந்து பாத்திருந்தா கடல் எண்டிருப்பார், ஹட்டன் சூடு எண்டிருப்பார், எங்கட கல்லு ரெண்டு பேரையும் ஒத்துக்கொள்ளுது.

கேள்வி: கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கீழ எரிமலை இருக்கா? எங்கட வகுப்பில இருக்கு எண்டு ஒரு கோஷ்டி, இல்லையெண்டு ஒரு கோஷ்டி. (ஏஎல் மாணவன், சாம்பல்தீவு)

இல்ல தம்பி. இலங்கையில உயிரோட இருக்கிற எரிமலை எதுவும் இல்ல. மழைத்தண்ணி பாறை வெடிப்புகளுக்குள்ளால நல்ல ஆழத்துக்குப் போகுது, ஆழம் போகப் போகப் பூமி சூடு, பொதுவா ஒரு கிலோமீட்டருக்கு 25, 30 பாகை செல்சியஸ் கூடும், அங்க சூடாகின தண்ணி வேற வெடிப்பால கெதியா மேல வந்தா ஆறமுந்தி வெளிய வந்திடும். அவ்வளவுதான். இராவணன் தாய்க்குக் கிரியை செய்யிறதுக்காக உண்டான ஏழு கிணறு எண்ட ஐதீகம் எங்கட ஆக்களிண்ட மனசில இருக்கிற விசயம், இண்டைக்கும் அங்க போய் அந்தியேட்டி செய்யிற குடும்பங்கள் இருக்கு, அதை இந்தக் கணக்கோட மோத விடத் தேவையில்ல.

கேள்வி: ஐரோப்பாக்காரர்தான் கல்லைப் படிச்சவை மாதிரி எழுதுறீங்க. எங்கட சிற்பிகள் ஆண் கல், பெண் கல் எண்டு பிரிச்சது என்ன கணக்கு? (ஒரு வாசகர், மூதூர்)

ஐயா, இதைக் கேட்டதுக்கு நன்றி. சிற்ப சாஸ்திரத்தில கல்லை ஆண், பெண், அலி எண்டு மூண்டாப் பிரிச்சிருக்கு. உளியால தட்டி ஓசை கேட்டுத்தான் முக்கியமாப் பிரிக்கிறது. மணி மாதிரி கணீரெண்டு கேட்டா ஆண் கல், தாளம் மாதிரி இனிமையாக் கேட்டா பெண் கல், ஓசையே எழும்பாட்டி அலிக் கல். சுவாமிக்கு ஆண் கல், அம்பாளுக்குப் பெண் கல், ஓசை இல்லாதது மற்ற வேலைகளுக்கு. இதுக்குள்ள சரியான அறிவு இருக்கு: உள்ளுக்கு வெடிப்பு இருந்தா, சிதைஞ்சு போயிருந்தா கல்லு ஒலிக்காது, அந்தக் கல்லில சிலை செய்தா பாதியில பிளந்திடும்.

வேர்னரும் 1774ல எழுதின முதல் புத்தகத்தில இதைத்தான் செய்தார் எண்டு சொல்லலாம். நிறம், மினுக்கம், தொட்டா வழுவழுப்பா சொரசொரப்பா, கையில எடுத்தா குளிருதா, பாரமா, மணமென்ன, நாக்கில வச்சா உருசி என்ன எண்டு, கருவி இல்லாம உடம்பாலயே கனிமத்தை அறியிற முறையை வரிசையா எழுதினார். அந்தப் புத்தகத்திண்ட தலைப்பில கனிமத்துக்கு அவர் போட்ட சொல்லு ஃபொசில். அந்தக் காலத்தில தோண்டி எடுக்கிற எல்லாமே ஃபொசில், எலும்பு, சிப்பி எண்டு அது சுருங்கினது பிறகு. அப்பப்பாட புத்தகத்தில "உப்பு ஒரு ஃபொசில்" எண்ட மாதிரி வந்தா உப்புவெளித் தங்கச்சி பயப்பிட வேண்டாம்.

வித்தியாசம் எங்க எண்டா, எங்கட சிற்பிகள் தேடினது சிலைக்குப் பொருத்தமான கல்லை, ஃப்ரைபெர்க்காரர் தேடினது வெள்ளி எங்க கிடக்கும் எண்டு, அதால அவைக்கு ஒரு கல்லு போதாது, அடுக்கு முழுக்கத் தேவைப்பட்டது. சுரங்கக்காரரிண்ட பேச்சுத்தான் பிறகு உலகப் பேச்சாச்சு, குவாட்ஸ் (படிகக்கல்லு), நைஸ், கோபால்ட், நிக்கல் எல்லாம் ஜெர்மன் சுரங்கத்து வாயில இருந்து வந்த சொல்லுகள்.

எங்கட பக்கத்தில இருந்தும் ஒண்டு போயிருக்கு. சென்னைக்குக் கிட்ட பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கறுப்புச் சாயல் கல்லுக்கு சார்னொக்கைட்டு எண்டு பேர், 1893ல தோமஸ் ஹொலண்ட் வச்சது, கல்கத்தாவில இருக்கிற ஜோப் சார்னொக்கிண்ட கல்லறை அந்தக் கல்லில செய்தது எண்டதால. அதே வகைக் கல்லு இலங்கையிலயும் நிறைய இருக்கு.

கேள்வி: இலங்கைத் தமிழர் ஆராவது இந்தத் துறையில பேர் எடுத்தவையா? (ஒரு வாசகி, நிலாவெளி)

ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதினவர் எண்டுதான் எல்லாருக்கும் தெரியும், ஆனா அவர் துவங்கினது கல்லில. சேர் முத்து குமாரசுவாமியிண்ட மகன், 1877ல கொழும்பில பிறந்தவர். 1903ல துவங்கி 1906 வரைக்கும் இலங்கைக் கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கினார், தோரியனைட்டு எண்ட கதிரியக்கக் கனிமம் 1904ல உலகத்துக்குத் தெரிய வந்ததில அவருக்குப் பெரிய பங்கு. கல்லுத் தேடி ஊர் ஊரா அலைஞ்ச நேரத்திலதான் கைவினைக்காரரிண்ட வேலைகளையும் கண்டு, பிறகு முழுசா அந்தப் பக்கம் போயிட்டார்.

கேள்வி: என்ட மகன் ஒன்பதாம் ஆண்டு. கல்லுப் படிக்க ஆசைப்படுறான். திருக்கோணமலையில எங்க துவங்கலாம்? காசு செலவழிக்க வசதியில்ல. (ஒரு அம்மா, குச்சவெளி)

அம்மா, காசே வேண்டாம். நீங்க இருக்கிற இடமே நல்ல இடம். வடக்கால புல்மோட்டைக் கரையில கறுப்பு மணல் கிடக்கெல்லோ, அதில இல்மனைட்டு, ரூட்டைல், சேர்க்கோன் எண்டு பாரமான கனிமங்கள். உள்நாட்டுப் பாறைகள் சிதைஞ்சு, ஆறு கொண்டுவந்து கடலில போட, அலை லேசான மணலைக் கழுவிக் கொண்டுபோய் பாரமானதை விட்டிட்டுப் போகுது. எங்கட கரையில எங்கயாவது மழைக்காலம் முடிஞ்சு கறுப்பு வரி ஒண்டு தெரிஞ்சா, அதுக்கு மேல கடதாசி வச்சு, ஸ்பீக்கர் காந்தத்தைக் கடதாசிக்கு மேலால கொண்டுபோகச் சொல்லுங்க. சில மணி பாய்ஞ்சு ஒட்டும், சிலது அசையாது. ஏன் எண்டு அவனே யோசிக்கட்டும்.

வீட்டில ஒரு பழைய கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு, டைல்ஸிண்ட பின்பக்கம், கொஞ்சம் வினாகிரி போதும். குவாட்ஸ் கண்ணாடியைக் கீறும், கத்தி அதைக் கீறாது, மோஸிண்ட வரிசையில அதுக்கு 7. கல்லை டைல்ஸிண்ட மினுக்கமில்லாத பக்கத்தில தேய்ச்சா வாற பொடியிண்ட நிறத்தைப் பாக்கச் சொல்லுங்க, கல்லு வெளியில காட்டுற நிறமும் அதுவும் வேறயா இருக்கலாம். வினாகிரியை மட்டிச் சிப்பியில விட்டா நுரைக்கும், கருங்கல்லில நுரைக்காது. முருகைக்கல்லை மட்டும் கரையில இருந்தோ புறாமலையில இருந்தோ எடுக்க விடாதீங்க, அது சட்டப்படி குற்றம், கடலுக்கும் கூடாது. கோணேசர் கோயில் மலையிலயும் கோட்டைக்குள்ளயும் கண்ணால பாக்கிறதோட நிக்கோணும், ஒரு துண்டும் தட்டி எடுக்கக் கூடாது. இராவணன் வெட்டுக்குக் கிட்ட நிண்டு அந்தப் பிளவு எந்தத் திசையில ஓடுது, பக்கத்துப் பாறையில இருக்கிற சின்ன வெடிப்புகளும் அதே திசையா எண்டு கீறிக்கொண்டு வரச்சொல்லுங்க.

வீடு கட்டுற இடத்தில கொட்டிக் கிடக்கிற சல்லியில கேட்டு ரெண்டு மூண்டு எடுத்தா, அதுதான் முதல் பெட்டி. ஒவ்வொரு கல்லிலயும் நம்பர் ஒட்டி, கொப்பியில எங்க எடுத்தது, எண்டைக்கு எடுத்தது, என்ன நிறம், என்ன பாரம், கீறினா என்ன நடந்தது எண்டு எழுதோணும். பேர் தெரியாட்டி பேர் இடத்தை வெறுமையா விடட்டும், ஊகிச்சுப் போட வேண்டாம். ஒரு பத்துக் கல்லு சேர்ந்த பிறகு கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்க, பேர்களை அடுத்த இதழில சேர்ந்து பாப்பம்.